பேயும் ஆணியும்

பேய் உண்டா, இல்லையா என்னும் கேள்விக்கு நாம் விடை கூறி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இல்லை என்பதே அவ்விடை. அதனை மாற்றிக்கொள்வதற்குரிய காரணம் எதுவும் இன்றுவரை நமக்குக் கிட்டியதில்லை. ஆயினும், பேய்க்கதை என்று கேட்டவுடன் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் நம்மை விட்டு நீங்கியதில்லை. சின்னாட்களுக்கு முன் சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடை ஒன்றில் நம்முடன் அமர்ந்திருந்த இளைய நண்பர் ஒருவர், "மூடநம்பிக்கையை ஒழிக்கவேண்டுமென்று மேடையில் பேசுகிறீர்கள், வீட்டிற்குச் சென்றால் பேய்ப்படம் பார்க்கிறீர்கள். இது முரண்பாடல்லவா, ஐயா?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. சிரித்து மழுப்புதல் முறையன்று. ஆதலின், இளமையில் நாம் விரும்பிய பேய்ப்படங்களிலும் நவீனங்களிலும் இன்று கிடைப்பவற்றை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம், படித்தோம். அதன் பயனாக நம் பழைய தீர்ப்பு ஒன்று தலைகீழாயிற்று. அதனை ஒளியாமற் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழருக்குப் பேய் புதிய சரக்கன்று. கலிங்கத்துப் பரணியிலே பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. போர்க்களத்திலே கூழ் அட்டு உண்ணுகின்றன. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டார். பால்மரக் காட்டிற்குப் பிழைக்க வந்த நம் முன்னோர், துணி மூட்டையோடு முனியையும் காட்டேரியையும் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். இங்கு வந்தபின் மலாய் மக்களின் பொந்தியானாக்கும் அக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. தோட்டத்துச் சம்பளத்திலே இனவேற்றுமை இருந்தது. தோட்டத்துப் பேய்களிடையே அது இருக்கவில்லை. தமிழ்க் குழந்தை பொந்தியானாக்கிற்கும் அஞ்சிற்று. மலாய்க் குழந்தை முனிக்கும் அஞ்சிற்று.

நிற்க. பேய்ப்படங்கள் இருவகைப்படும். முதல் வகையிலே, பேயென்று நாம் அஞ்சியது பேயன்று, மனிதரின் சூழ்ச்சியே என்பது இறுதியில் வெளிப்படும். இரண்டாம் வகையிலே பேய் பேயாகவே வந்து பேயாகவே செல்லும்.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஜூபிடர் நிறுவனத்தார் 1951இல் வெளியிட்ட "மர்மயோகி". கே. ராம்நாத் இயக்க, எம். ஜி. ராமச்சந்திரன் நடித்த படம். அதில் வரும் பேயுருவக் காட்சிகளின் பொருட்டு, தமிழ்ப்படங்களுள் முதன்முதலாக வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் சான்றிதழ் அதற்கு வழங்கப்பட்டது. அப்பேயோ, மாண்டுபோனதாக எண்ணப்பட்ட அரசனே. 1966இல் வந்த "யார் நீ?" மற்றொன்று. 1964இல் இந்தியில் வெளியான "வோ கௌன் தீ?" என்னும் படத்தின் தழுவல் அது, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. வெண்ணிற ஆடையுடன் இரவிலே தோன்றிக் கதாநாயகனின் அறிவைக் கலக்கும் பெண், கடைசியிலே சொத்துக்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சியின் கருவி என்று அறிகிறோம்.

நம் இளமையிலே இவ்வகைப் படங்களையே நாம் உயர்த்திப் பேசினோம். பேயின் முகமூடியைக் கழற்றி, உள்ளே இருப்பவன் மனிதன் என்று காட்டுகின்றனவல்லவா? பகுத்தறிவுக்கு இதனினும் நல்ல பிரசாரம் வேறென்ன வேண்டும் என்று கேட்டோம். இரண்டாம் வகையை, "ரசிக்கலாம், மதிக்கக்கூடாது" என்று ஒதுக்கிவைத்தோம்.

இப்பொழுது மீண்டும் பார்க்கும்போது, முதல் வகையின் நயங்கள் குறையவில்லை. ராம்நாத்தின் நிழலும் ஒளியும் இன்றும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் முகமூடி கழன்றதும் படம் முடிந்துவிடுகிறது. கள்வன் பிடிபட்டான், விளக்கு ஏற்றப்பட்டது, நாமும் வீடு திரும்பினோம். எண்ணிப்பார்க்க மனத்திலே யாதும் மிஞ்சவில்லை. பேய் இல்லை என்று முன்பே அறிந்தவனுக்கு, பேய் இல்லை என்று மீண்டும் கூறுவதனால் என்ன பயன்? நாம் ஒதுக்கிவைத்த இரண்டாம் வகையோ நம்மை உறங்கவிடவில்லை. அச்சத்தினால் அன்று, வெட்கத்தினால்.

அவ்வெட்கத்தின் காரணத்தைக் கூறவேண்டுமாயின், "பொந்தியானாக்" படத்திலிருந்து தொடங்கவேண்டும். சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார் எடுத்த இம்மலாய்ப் படம் 27-4-1957இல் திரையிடப்பட்டு, கேத்தே அரங்குகளில் ஏறத்தாழ மூன்று மாதம் ஓடிற்று. முதலாளிகள் சீனர், இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், கதாநாயகி செலிபிஸ் தீவின் மெனாடோப் பகுதியில் பிறந்த மரியா மெனாடோ, கதையோ மலாய் மக்களின் வாய்வழி வழக்கு. இத்தீவின் சகல இனத்தாரும் சேர்ந்து சமைத்த பேய் இதுவெனில் மிகையாகாது. வெற்றியின் சுவை கண்ட நிறுவனத்தார் அதே ஆண்டிலே "தெண்டாம் பொந்தியானாக்", அதாவது பொந்தியானாக்கின் வஞ்சம், என்பதையும், 1958இல் "சும்பா பொந்தியானாக்", அதாவது அதன் சாபம், என்பதையும் வெளியிட்டனர்.

முதற்படத்தின் கதை இது. கூன் விழுந்த அழகற்ற பெண் ஒருத்தி. பெயரோ சோமெல், மலாய் மொழியில் அதற்கு அழகி என்று பொருள். அவளை வளர்த்த முதியவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற மந்திர ஏட்டின்படி மருந்து செய்து பருகி அவள் பேரழகியாகிறாள். ஒரே ஒரு விதி: இரத்தத்தை அவள் சுவைத்தலாகாது. திருமணமாகிறது, மகளும் பிறக்கிறாள். ஒருநாள் கணவன் விஷக்கடிக்கு ஆளாகிறான். அவன் உயிரைக் காக்க அவள் வாய்வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவிற் படுகிறது. அவள் பேயாகிறாள்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கவேண்டுகிறோம். அவள் பேயானது எதனால்? பிறர் பொருளைக் கவர்ந்ததனாலா? எவரையேனும் கொன்றதனாலா? கணவனைக் காப்பாற்றியதனால்! கணவன் உயிரை மீட்ட சாவித்திரியைத் தெய்வமாக்கிய நாட்டிலிருந்து வந்த ராவ், அதே செயலைச் செய்தவள் பேயாகும் கதையைப் படமாக்கினார். அவர் எண்ணிச் செய்தாரோ, எண்ணாமற் செய்தாரோ, நாம் அறியோம். ஆயினும், மனைவியின் தியாகத்தைப் பெற்றுக்கொள்ளும் உலகம் அதன் விலையை அவள் தலையிலேயே சுமத்திவிடுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் கூறிய சீர்திருத்தப் படங்கள் மிகச்சில.

இனி ஆணிக்கு வருவோம். பிரசவத்திலே மாண்டவள் பொந்தியானாக்காக அலைவாள் என்பது மலாய் நாட்டு நம்பிக்கை. அவள் பிடரியிலே இரும்பாணி ஒன்றை அறைந்துவிட்டால், அவள் அழகும் அடக்கமும் உள்ள மனைவியாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேய். இதனைக் கேட்டு நாம் சிரிப்பதற்கில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் உச்சிமயிரை மரத்தோடு சேர்த்து ஆணியால் அறைவது நம் பேயோட்டிகளின் தொழிலன்றோ? கடல் வேறு, மொழி வேறு, சமயம் வேறு, ஆணி ஒன்றே.

இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. 1956இல், ஜொகூர்த் தோட்டம் ஒன்றில், நமக்கு ஏழு வயதானபோது, நம் சித்தி பிரசவத்திலே காலமானார். இரண்டு நாள் வேதனை. மருத்துவமனை தொலைவிலிருந்தது, லாரி கிடைப்பதற்குள் விடிந்துவிட்டது. தாயையும் சேயையும் ஒருங்கே எடுத்துச் சென்றனர். மூன்றாம் நாளே லயத்திலே பேச்சு எழுந்தது. பின்புறத்து ரம்புத்தான் மரத்தடியில் வெள்ளையாய் எதுவோ நின்றதாம். குழந்தை அழுகுரல் கேட்டதாம். பூசாரி வந்தார், உடுக்கை அடித்தார், மரத்திலே ஆணி அறைந்தார். அதன்பின் அவ்வழியே செல்ல நேர்ந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவோம். யாரிடமிருந்து ஓடினோம்? பால்வாளியை ஒரு கையிலும் நம்மை இடுப்பிலுமாகச் சுமந்து திரிந்த சித்தியிடமிருந்து.

மறு ஆண்டு தோட்டத்து லாரியில் ஏறி, பக்கத்து ஊர்க் கொட்டகையிலே "பொந்தியானாக்" பார்த்தோம். பேய் அடங்கியபோது கொட்டகை முழுதும் கைதட்டிற்று. நாமும் தட்டினோம். வீட்டிலே நம் தாயார் மட்டும் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அதன் காரணத்தை உணர நமக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

மலாய்ப் பேய்க்கு ஆணி அறைந்ததைக் கூறிவிட்டுத் தமிழ்ப் பேயைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. பழையனூர் நீலியின் கதையைக் கேளாத தமிழர் அரியர். கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, அவனைப் பின்தொடர்ந்து வருகிறாள். ஊர்ப் பெரியோர் முன்னே அழுது முறையிடுகிறாள். அவள் சொல்லை நம்பிய வேளாளர் எழுபதின்மர், அவன் உயிருக்குத் தம் உயிரையே பிணையாக வைத்து, அவனை அவளிடம் ஒப்புவிக்கின்றனர். அவன் மாள்கிறான், அவர்களும் வாக்குத் தவறாது தீப்புகுகின்றனர். வாக்குக் காத்த எழுபதின்மரை நாம் போற்றுகிறோம், போற்றத்தக்கவரே. ஆனால் அவளுக்கு நம் மொழி அளித்தது யாது? "நீலிக் கண்ணீர்" என்னும் வழக்கு! பொய்யழுகைக்கு அதுவே பெயர். கொலையுண்டவள் அழுத அழுகை பொய். கொன்றவனுக்கோ பழமொழிகூட இல்லை. மலாய்க்காரர் ஆணியைப் பிடரியிலே அறைந்தனர்; நாம் அதனை அகராதியிலே அறைந்தோம்.

ஆயினும் தமிழருக்கு வேறொரு வழக்கமும் உண்டு. சூலோடு மாண்ட பெண்ணின் நினைவாக வழியோரத்திலே சுமைதாங்கிக் கல் நாட்டுவது அது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு சென்றவளுக்காக, வழிப்போக்கர் தம் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். ஒரே சாவுக்கு ஒரே இனத்தார் கண்ட இரு மறுமொழிகள் இவை: ஒன்று ஆணி, மற்றொன்று கல். எது நாகரிகம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

மனிதரைப் பேயாக்குவது சாவு மட்டுமன்று, முகமும் ஆகும். சோமெல் கூனியாயிருந்ததைக் கண்டோம். 1958இல் ஷா நிறுவனத்தாரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் பி. ரம்லி இயக்கி நடித்த "சும்பா ஓராங் மிஞ்ஞாக்" படத்தின் நாயகனும் கூனனே. பாத்திக் துணிக்கு ஓவியம் தீட்டும் கலைஞன்; ஊராரின் ஏளனத்திற்கு இலக்கானவன். மந்திரத்தால் அழகு பெறுகிறான். பின்னர் வஞ்சத்தால் தன்னையே தீய சக்தியிடம் விற்று, எண்ணெய் பூசிய கரிய உருவாய் அலைகிறான். போட்டி நிறுவனங்கள் இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளில் கூனரையே கதைத்தலைவராக்கியது வெறும் தற்செயலாயினும், கருத்து ஒன்றே: இகழ்ந்து ஒதுக்கிய கூட்டமே பின்னர் அஞ்சி ஓடுகிறது. பிறப்பைக் காட்டி மனிதரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமுதாயத்தாராகிய நமக்கு இதற்கு மேல் உரை வேண்டுவதில்லை.

இப்படங்களின் குறையும் இவ்விடத்திலேயே உள்ளது. ஏளனம் செய்த ஊரைத் திருத்துவதற்குப் பதிலாக, இரண்டும் ஏளனத்திற்கு உள்ளானவரின் உடலைத் திருத்தப் புகுகின்றன. அழகு கிடைத்தாலன்றி அன்பு கிடையாது என்பதைக் கேள்வியின்றி ஒப்புக்கொள்கின்றன. மேரி ஷெல்லி அம்மையார் 1818இல் வெளியிட்ட "பிராங்கென்ஸ்டைன்" நவீனம் இவ்வகையில் இவற்றினும் மிக உயர்ந்தது. அதில் வரும் விகார உருவத்திற்கு அழகு தரப்படவில்லை. அது பேசுகிறது, படிக்கிறது, அன்பை யாசிக்கிறது. படைத்தவனே அதன் முகத்தைக் கண்டு ஓடிவிட்டான் என்று குற்றஞ்சாட்டுகிறது. 1931இல் ஹாலிவுட்டார் எடுத்த படம் அதன் பேச்சைப் பறித்து உறுமலை மட்டும் விட்டுவைத்தது. படம் பார்த்தவர் அஞ்சினர். நூல் படித்தவர் நாணினர். தமிழிலே புதுமைப்பித்தன் இந்நவீனத்தைப் "பிரேத மனிதன்" என்று தழுவித் தந்தார். அவரே 1943இல் எழுதிய "காஞ்சனை"யில், வீட்டு வாசலில் வந்து நின்ற ஏழைப்பெண் பேயா, மனுஷியா என்பதை முடிவு கட்டாமலே விட்டுவிட்டார். அது ஆசிரியரின் சோம்பல் என்று ஒருகாலத்தில் நாம் கூறியதுண்டு. அது பிழை. அறியாத பெண்ணொருத்தியை வாசலிலே கண்டவுடன் பேயோ என்று ஐயுறும் மனத்தையே அவர் நம் முன் நிறுத்தினார். விடையை நம்மிடம் விட்டார்.

மேரி ஷெல்லியின் வாழ்க்கையிலே குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. பெண்களின் உரிமைக்காக 1792இலேயே நூல் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராப்ட் இவருடைய அன்னை. 1797இல் இம்மகளைப் பெற்ற சில நாட்களிலேயே அவ்வம்மையார் பிரசவக் காய்ச்சலால் மாண்டார். மலாய்க் கிராமத்திலே பிறந்திருப்பின் அவரையும் பொந்தியானாக் என்றே அழைத்திருப்பர்! அக்காய்ச்சலைப் பேய் கொணரவில்லை. மருத்துவர் கைகழுவினால் அது குறையும் என்று வியன்னா நகரிலே செம்மல்வைஸ் என்பார் 1847இல் காட்டினார். அவர் சொல்லையும் பெரியோர் பலர் உடனே ஏற்கவில்லை. மூடநம்பிக்கை பூசாரிக்கு மட்டும் உரியதன்று; அங்கி அணிந்தவர்க்கும் உண்டு.

அப்படியாயின் பொந்தியானாக்கை விரட்டியவர் யார்? போமோவா? பூசாரியா? தேக்காவிற்கு அருகே விடை இருக்கிறது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்று மாட்டு வாணிகக் காலத்துப் பெயர் தாங்கிய மருத்துவமனை 1924இல் பிரசவ மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! ஒரே மருத்துவமனையில் அத்தனைப் பிறப்பு அன்று உலக சாதனையாயிற்று. வெந்நீரும், கழுவிய கையும், தேர்ந்த மருத்துவச்சியும், இரத்தம் ஏற்றும் வசதியும் எத்தனையோ பொந்தியானாக்குகளைத் தோன்றாமலே செய்துவிட்டன. ஆணி அதனைச் செய்யவில்லை. நம் சித்திக்குத் தேவைப்பட்டதும் ஓர் ஆணியன்று, ஒரு லாரி.

பழைய படங்களை மீண்டும் பார்த்தோம் என்று கூறினோமல்லவா? இப்பொழுது ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். 1957இன் "பொந்தியானாக்"கை நாம் மீண்டும் பார்க்கவில்லை. பார்க்க இயலாது. முதலிரண்டு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அவற்றைக் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. மூன்றாவதாகிய "சும்பா பொந்தியானாக்" மட்டும் எஞ்சியுள்ளது. கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1972இல் படமெடுப்பதை நிறுத்திற்று. ஜாலான் அம்பாஸ் அதற்கு முன் 1967இலேயே அடங்கிற்று. 1939இல் திறந்த கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு மட்டும் தேசியச் சின்னமாக நிற்கிறது. அங்கிருந்த கேத்தே திரையரங்கும் 2022இல் மூடப்பட்டது. எஞ்சிய மலாய்ப் படங்களை ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பேணிவருகிறது. அத்தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அத்தொண்டு போற்றத்தக்கது.

ஆதலின் முதற்படத்தைப் பற்றி நாம் கூறியதெல்லாம் எட்டு வயதுச் சிறுவனின் நினைவும், பின்னர் பலர் எழுதியும் கூறியும் அறிந்த கதையுமே. அச்சிறுவன் கண்டது பேயை மட்டுமே. பெண்ணை அவன் காணவில்லை. அவளை இன்று காணவேண்டுமென்றால் படம் இல்லை. எஞ்சிய மூன்றாம் படத்தைப் பார்த்தோம். வேடமும் தந்திரக் காட்சிகளும் இன்றைய பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும். வேடிக்கைப் பகுதிகள் நீளம். பேய் வரும்வரை பொறுமை வேண்டும். ஆனால் அவள் வரும்போது நாம் சிரிக்கவில்லை. கைதட்டவுமில்லை. 2019இல் கிளென் கோயியும் கேவின் யாப்பும் இயக்கிய "தெண்டாம் பொந்தியானாக்" என்னும் புதிய படம், 1965இன் மலாய்க் கிராமத்தைக் களமாக்கி, அவளுக்குத் தீங்கிழைத்தவர் யார் என்று நேராகவே கேட்கிறது. பழைய படங்கள் கேளாத கேள்வியை இளையோர் கேட்கத் தொடங்கியிருப்பது நன்று.

இளைய நண்பருக்கு நம் விடை இதுவே. பேயை நம்புவது மூடத்தனம். பேய்க்கதையைக் கேளாமல் விடுவது வேறொரு மூடத்தனம். முகமூடி கழலும் கதை, பேய் இல்லை என்று மட்டும் நமக்குக் கற்பிக்கிறது. அப்பாடம் ஒருமுறை கற்றால் போதும். முகமூடி கழலாத கதையோ, யார் மாண்டார், எதனால் மாண்டார், யார் கைவிட்டார் என்று ஒவ்வொரு தலைமுறையிடமும் கேட்கிறது. முன்னதை நாம் மேலாக வைத்தது பிழை. அத்தீர்ப்பை இன்று மாற்றி எழுதுகிறோம்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேய்ப்படம் பார்த்தால் தடுக்கவேண்டா. பக்கத்தில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். படம் முடிந்தபின், பேய் இல்லை என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். கூறியபின், அந்தப் பெண் எப்படி இறந்தாள் என்று அவர்களைக் கேளுங்கள். ஜொகூரிலே அந்த ரம்புத்தான் மரம் இன்று இல்லை, தோட்டமும் இல்லை. வழியோரத்தில் ஒரு கல் நாட்டவும் இடமில்லை. சித்திக்காக நாம் நாட்டக்கூடிய சுமைதாங்கி இக்கட்டுரை ஒன்றே.